அமீனா வீட்டு வாக்கியம்

ஏட்டிகளா, நேத்து நம்ம பள்ளிக்கூட வாட்ஸ்அப் குரூப்புல ஒருத்தி இங்கிலீஷ் டீச்சர் போட்டோவைப் போட்டா. ரிட்டயர் ஆன அன்னைக்கு எடுத்தது போல. கழுத்துல மாலை, கையில வெள்ளித் தட்டு, முகத்துல அதே முறைப்பு. உடனே ஆளாளுக்கு ஆரம்பிச்சிட்டீங்க. 'சொந்த வாக்கியம்' நோட்டு ஞாபகம் இருக்கான்னு ஒருத்தி கேட்டா. "அமீனா மக அவ அத்தையை த்ரோ அவுட் பண்ணினாளே, அது மறக்குமா"ன்னு இன்னொருத்தி எழுதினா. அதுக்குக் கீழ சிரிக்கிற பொம்மை வரிசையா வந்து விழுந்துச்சு. நானும் ஒண்ணு போட்டேன். போட்டுட்டு அடுப்படிக்குப் போய், குழாயைத் திறந்து விட்டுக்கிட்டு அழுதேன். பேரன் பேத்தி எடுக்கப்போற வயசுல எதுக்கு அழுதேன்னு எங்க வீட்டுக்காரருக்குக் கூடத் தெரியாது.

உங்க மேல கோவம் ஒண்ணும் இல்லை. உங்களுக்கு அந்த வகுப்புல நடந்தது மட்டும்தான் தெரியும். அதுக்கப்புறம் எங்க வீட்டுல நடந்ததை நான் யார்கிட்டயும் சொன்னதில்லை. இனியும் சொல்லாம வச்சிருந்தா நெஞ்சு வெடிச்சிரும் போல இருக்கு. அதனால சொல்லுதேன், கேளுங்க.

தொண்ணூறுகளோட நடுவுல நாம ஒன்பதாங் கிளாஸ். நான் தச்சநல்லூர்ல இருந்து பாளையங்கோட்டைக்கு டவுன் பஸ்ல வருவேன். எங்க வீடு ரைஸ்மில்லுக்குப் பின் தெருவுல. நெல்லு அவிக்கிற வாசம் எங்க பாவாடை, தாவணி, புஸ்தகம் எல்லாத்துலயும் ஏறியிருக்கும். பஸ்ஸு ஆத்துப் பாலத்துல ஏறும்போதுதான் அந்த வாசம் போயி, பாசியும் ஈரமும் கலந்த காத்து மூஞ்சில அடிக்கும். என் பக்கத்துல உக்காந்தவ "உன் மேல சோத்து வாசம் அடிக்குட்டி"ன்னு சொல்லிட்டே இருப்பா. யாருன்னு சொல்ல மாட்டேன், அவளுக்கே தெரியும்.

எங்கப்பா கோர்ட்டுல அமீனா. இப்ப உள்ள பிள்ளைகளுக்கு அமீனான்னா என்னன்னு தெரியாது. வீட்டைக் காலி பண்ணணும்னு கோர்ட்டு தீர்ப்புச் சொன்னா மட்டும் ஒருத்தனும் காலி பண்ண மாட்டான். ஒரு ஆள் வாரண்டோட நேர்ல போயி, உள்ள இருக்கவங்களை இறக்கி, சாமானையெல்லாம் தெருவுல எடுத்து வச்சு, கதவைப் பூட்டி, சாவியை ஜெயிச்சவர் கையில குடுக்கணும். அந்த ஆள்தான் எங்கப்பா. எங்கப்பா தெருவுல நடந்து போனா பொம்பளைங்க கதவைச் சாத்துவாங்க. அப்பா கட்டையா, மெலிஞ்சு, யாரையும் நிமிந்து பாக்காத மனுஷன். இப்பேர்ப்பட்டவரு எப்படி ஆளுகளை இறக்குவாருன்னு பாக்குதவங்களுக்குத் தோணும்.

அப்பாவுக்கு ஒரு வழக்கம் உண்டு. முந்தின நாள் சாயங்காலம் பேண்ட் சட்டையை மாத்தி வேட்டியைக் கட்டிக்கிட்டு, கையில ஒரு பேப்பர் கூட இல்லாம, அந்த வீட்டுக்குப் போவாங்க. வீட்டுப் பொம்பளையைக் கூப்பிட்டு, "அம்மா, நாளைக்குப் பத்து மணிக்கு நான் வரவேண்டியதிருக்கு. அதுக்குள்ள பொங்கிச் சாப்பிட்டுக்கிடுங்க. பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிருங்க, அதுங்க பாக்க வேண்டாம்"னு சொல்லிட்டு வந்துருவாங்க. கூட வேலை பாக்குதவங்க ஏசுவாங்க. "வே, முன்கூட்டியே சொன்னா அவன் ஆளைத் திரட்டிருவாம்வே, உம்ம மண்டையை உடைச்சிருவான்." அப்பா கேக்கவே மாட்டாங்க. ஒருத்தரும் பசியோட இறங்கக் கூடாது, ஒருத்தரும் தெரியாம இறங்கக் கூடாது. அவங்க தொழில்ல அவங்களுக்குன்னு இருந்த கௌரவமே அதுதான்.

எங்க வீட்டுல அப்பா, அம்மா, அக்கா, நான், அப்புறம் எங்க அத்தை. அத்தை அப்பாவுக்கு ஒரே தங்கச்சி. அவளைக் கட்டினவன் வேற ஒருத்தியைச் சேத்துக்கிட்டான். இவ மூணு வருஷம் பொறுத்துப் பாத்துட்டு, ஒருநாள் மத்தியானம் தகரப் பெட்டியோட எங்க வாசல்ல வந்து நின்னா. "அண்ணே, வந்துட்டேன்"னா. அப்பா ஏன் எதுக்குன்னு ஒரு கேள்வி கேக்கல. பெட்டியைத் தூக்கி உள்ள வச்சாங்க. அப்ப எனக்கு எட்டு வயசு.

'வாழாம வந்தவ'ன்னு தெருவுல சொல்லுவாங்க. ஆனா மூஞ்சியைத் தொங்கப் போட்டுக்கிட்டு மூலையில உக்காருத ஆள் இல்லை எங்க அத்தை. வாய் ஓயாது, சிரிப்பு ஓயாது. கடலை வாங்கின பொட்டணத்தைப் பிரிச்சு, அந்தக் காயிதத்துல உள்ளதையும் ஒரு வரி விடாம வாசிப்பா. பன்னெண்டு வரைக்கும் படிச்சவ. எங்க வீட்டுல இங்கிலீஷ் வாசிக்கத் தெரிஞ்ச பொம்பளை அவ ஒருத்திதான். என்னை "ஏ மருமவளே"ன்னுதான் கூப்பிடுவா.

டீச்சர் வாரத்துக்கு ரெண்டு வார்த்தை குடுப்பாங்கள்லா, கிவ் அப், லுக் ஆஃப்டர், புட் அவுட்டுன்னு. ஒவ்வொண்ணுக்கும் நம்ம வாழ்க்கையில இருந்து ஒரு வாக்கியம் எழுதணும். அவங்க திருத்துவாங்க. அதை வீட்டுல காட்டிக் கையெழுத்து வாங்கிட்டு வரணும். பக்கத்துக்கெல்லாம் நம்பர் போட்டிருப்பாங்க, கிழிச்சா வெரல் முட்டியில அடி. எனக்குக் கையெழுத்துப் போடுதது அத்தைதான். போடுறதுக்கு முன்னால சத்தமா வாசிச்சுக் காட்டி மானத்தை வாங்குவா. 'என் அத்தை காபியை விட்டுவிட்டாள்'னு ஒரு தடவை எழுதியிருந்தேன். "பொய் எழுதாதட்டி, ஒரு நாளைக்கு நாலு தம்ளர் குடிக்கேன்"ன்னா. 'என் அத்தை பூனையைக் கவனித்துக்கொள்கிறாள்'னு எழுதினேன். "அதுல்லா என்னைக் கவனிக்குது! நான் எங்க போனாலும் பின்னாலயே வருது"ன்னா. வாரா வாரம் அந்த நோட்டுக்கு என்னை விட அவதான் காத்துக்கிட்டு இருப்பா.

அந்த வருஷம் அக்காவுக்கு மாப்பிள்ளை பாக்க ஆரம்பிச்சாங்க. கல்லிடைக்குறிச்சிப் பக்கம் ஒரு நல்ல இடம். பையன் வாத்தியார் வேலையில இருக்கான். ஞாயித்துக்கிழமை பொண்ணு பாக்க வாரோம்னு சொல்லி விட்டிருந்தாங்க. செவ்வாய்க்கிழமை சாயங்காலம் எங்க மாமா, அம்மாவோட அண்ணன், வந்தாரு. அத்தை கோயிலுக்குப் போயிருந்தா. நான் உள் ரூம்ல கணக்குப் போட்டுக்கிட்டு இருந்தேன். நான் இருக்கதை யாரும் பெருசா எடுத்துக்கல.

"வே மாப்ளை, வாழாம வந்தவளை நடுவீட்டுல வச்சுக்கிட்டு எப்படிப் பொண்ணு காட்டுவீரு? இந்த வீட்டுப் பொண்ணுங்க லட்சணம் இதுதான்னு எந்திரிச்சுப் போயிருவாங்க. ஞாயித்துக்கிழமைக்கு முன்னால அவளை இங்கன இருந்து இறக்கணும்."

அம்மா, "அதுக்காக அவ எங்க போவா?"ன்னு கேட்டா.

"நாங்குநேரியில உங்க ஒண்ணுவிட்ட சித்தப்பாவும் சித்தியும் தனியாக் கிடந்து சீரழியுதாங்கள்லா. அவருக்கு எந்திரிக்க முடியல. ஒத்தாசைக்கு இருக்கட்டும். கல்யாணம் முடியட்டும், பிறகு பாப்போம்."

அப்பா, "அவகிட்ட யாரு சொல்லுதது?"ன்னாங்க.

"ஏம்வே, ஊருக்கெல்லாம் நீருதான சொல்லுதீரு?"

நான் கணக்கு நோட்டையே பாத்துக்கிட்டு இருந்தேன். ஒரு கணக்கும் வரல.

மறுநாள் புதன்கிழமைதான் நீங்க எல்லாரும் சிரிச்ச நாள். டீச்சர் போர்டுல த்ரோ அவுட்னு எழுதினாங்க. "ஒருத்தரை ஒரு இடத்துல இருந்து வெளியேத்துறதுக்கு இங்கிலீஷ்ல நிறைய இருக்கு. சென்ட் அவுட்னா லேட்டா வந்தவளை நான் வெளிய நிக்க வைக்கது. புட் அவுட், டர்ன் அவுட் இதெல்லாம் கொஞ்சம் கடுமை. ஒவ்வொண்ணுலயும் ஒரு அளவு மரியாதை ஒட்டிக்கிட்டு இருக்கும். த்ரோ அவுட்ல மரியாதையே கிடையாது. கோவம் இருக்கும், அவமானம் இருக்கும். கோவமே இல்லாம ஒருத்தரை த்ரோ அவுட் பண்ண முடியாது"ன்னாங்க.

நான் கையைத் தூக்கினேன். "எங்கப்பா கோவப்படாமத்தான் டீச்சர் பண்ணுவாங்க." வகுப்பே சிரிச்சுது. டீச்சருக்கு எரிச்சல் வந்துருச்சு. "நீ உக்காரு தாயி. உன் அமீனா வாக்கியத்தைத் திருத்தித் திருத்தி எனக்கு அலுத்துப் போச்சு. எப்பப் பாரு வாடகைக்காரன், வாரண்டு, பூட்டு. உங்க வீட்டுக்குள்ள ஒண்ணுமே நடக்காதா?"ன்னு கேட்டாங்க.

எனக்கு ரோஷம் வந்துருச்சு. நோட்டைத் திறந்து ஒரே மூச்சுல எழுதினேன். ஞாயித்துக்கிழமைக்கு முன்னால எங்கப்பா எங்க அத்தையை வீட்டை விட்டு த்ரோ அவுட் பண்ணப் போறாங்கன்னு. டீச்சர் வாங்கி வாசிச்சாங்க. என்னை ஒரு பார்வை பாத்தாங்க. நான் வேடிக்கைக்கு எழுதியிருக்கேன்னு நினைச்சாங்களோ என்னவோ, மறுபடியும் சத்தமா எல்லாருக்கும் வாசிச்சுக் காட்டினாங்க. நீங்க பெஞ்சைத் தட்டிச் சிரிச்சீங்க. "இப்பதான் ஒரு தப்புக் கூட இல்லாம எழுதியிருக்கா"ன்னு சொல்லி, சிவப்பு மையில 'குட்'னு போட்டாங்க. ஏட்டிகளா, உள்ளதைச் சொல்லுதேன், எனக்கு அப்ப சந்தோசமா இருந்துச்சு. அந்த வருஷம் நான் வாங்கின முதல் 'குட்' அது. பஸ்ஸுல போகும்போதுதான் இதுக்குக் கையெழுத்து வாங்கணுமேன்னு உறைச்சுது.

வீட்டுக்கு வந்ததும் நேரா அம்மாகிட்ட போனேன். அம்மா ஞாயித்துக்கிழமைக்கு முறுக்கு மாவு பிசைஞ்சுக்கிட்டு இருந்தா. "அம்மா, இந்தத் தடவை நீ போடேன்." அவளுக்கு இங்கிலீஷ் எழுத்துத் தெரியாது. அதனாலதான் அவகிட்ட போனேன். "கையெல்லாம் மாவா இருக்கு, இது என்ன புதுசா? அத்தைகிட்ட குடு, போ"ன்னு விரட்டினா.

அதுக்குள்ள அத்தையே வந்துட்டா. முருங்கைக்கீரை உருவிக்கிட்டு இருந்தவ, கையை முந்தானையில துடைச்சுக்கிட்டு, "எங்கட்டி மருமவளே, இந்த வாரக் கூத்து?"ன்னு நோட்டைப் பிடுங்கினா. குடுக்காம இழுத்தேன். "அடி கள்ளி, என்னைப் பத்தித்தான் என்னமோ எழுதியிருக்க"ன்னு சிரிச்சுக்கிட்டே திறந்தா.

சத்தமா வாசிக்க வாயைத் திறந்தவ வாசிக்கல. சிரிக்கணும்னு வந்த முகம் அப்படியே இருந்துச்சு, கண்ணு மட்டும் அந்த ஒரு வரியில திரும்பத் திரும்பப் போயிட்டு வந்துச்சு. பிறகு என்னைக் கையைப் பிடிச்சுக் கொல்லைப்பக்கம் கூட்டிட்டுப் போனா.

"உங்கப்பா சொன்னாங்களா?"

"மாமா சொன்னாரு. அப்பா ஒண்ணும் சொல்லல. நாங்குநேரிக்காம்." எனக்கு அழுகை வந்துருச்சு. "டீச்சர் வீட்டுல நடக்கதை எழுதச் சொன்னாங்க அத்தை. நான் வேணும்னு எழுதல."

"அழாதட்டி, கோட்டிக்காரி. நீ என்ன பொய்யா எழுதின?" முந்தானையால என் கண்ணைத் துடைச்சுவிட்டா. "அண்ணன் வந்து எங்கிட்ட சொல்லும். முன்னப் பின்ன தெரியாதவங்களுக்கெல்லாம் வீடு தேடிப் போய்ச் சொல்லுத மனுஷன், எங்கிட்ட சொல்லாம இருக்குமா? அது வாயால சொல்லட்டும், நான் போயிருதேன். எனக்கு அது போதும். நீ சொன்னேன்னு நான் காட்டிக்கிட மாட்டேன். நீயும் யார்கிட்டயும் மூச்சு விடாத, என்ன?"

சரின்னு தலையாட்டினேன். அவ நோட்டை முட்டியில வச்சு, எப்பவும் போல அழகாக் கையெழுத்துப் போட்டுக் குடுத்தா.

அன்னைக்கு சாயங்காலம் அப்பா வந்ததும் அத்தை காபியைக் கொண்டுபோய்க் குடுத்துட்டு, நிலையில சாஞ்சு நின்னா. குடுத்துட்டு உடனே உள்ள வந்துருதவ அன்னைக்கு வரல. அப்பா ஆத்துல தண்ணி குறைஞ்சு போச்சுன்னு சொன்னாங்க. மில்லுல தவிடு விலை ஏறிட்டுன்னு சொன்னாங்க. தம்ளரைக் கீழ வச்சுட்டு எந்திரிச்சுப் போயிட்டாங்க.

வியாழக்கிழமை அவளே வழி எடுத்துக் குடுத்தா.

"இன்னைக்கு எங்கண்ணே சோலி?"

"இன்னைக்கு ஒண்ணும் இல்லை. நாளைக்குப் பாட்டப்பத்துல ஒரு வீடு."

"அவங்களுக்குச் சொல்லிட்டீங்களா?"

"இப்பதான் போய்ச் சொல்லிட்டு வாரேன். மூணு பிள்ளைங்க."

"நல்லதுண்ணே"ன்னா அத்தை. அப்பவும் நின்னா. அப்பா பேப்பரை எடுத்து மூஞ்சிக்கு நேரா விரிச்சுக்கிட்டாங்க. நான் உள்ள இருந்து பாத்துக்கிட்டே இருந்தேன். சொல்லுங்கப்பா, சொல்லித் தொலைங்கன்னு எனக்குக் கத்தணும் போல இருந்துச்சு.

வெள்ளிக்கிழமை அப்பா சரியாச் சாப்பிடல, தலைவலின்னு படுத்துட்டாங்க. அத்தை வெத்திலைத் தட்டைக் கொண்டுபோய்ப் பக்கத்துல வச்சா. "அண்ணே"ன்னு கூப்பிட்டா. அப்பா கண்ணை மூடிக்கிட்டே "ம்"ன்னாங்க. "ஒண்ணுமில்ல, படுத்துக்கிடுங்க"ன்னு சொல்லிட்டு வந்தா. வந்தவ கொடியில கிடந்த சேலையை ஒவ்வொண்ணா எடுத்து மடிச்சுத் தகரப் பெட்டியில அடுக்கினா. அம்மா அதைப் பாத்துட்டு, ஒண்ணும் கேக்காம அடுப்படிக்குப் போயிட்டா. அந்த வீட்டுல எல்லாருக்கும் தெரியும். அவ பெட்டி அடுக்கினதை மட்டும் அப்பாகிட்ட யாரும் சொல்லல.

சனிக்கிழமை கோர்ட்டு கிடையாது. ஆனாலும் அப்பா விடிஞ்சும் விடியாம சட்டையை மாட்டிக்கிட்டுக் கிளம்பிட்டாங்க. எனக்கு அரை நாள் பள்ளிக்கூடம் இருந்துச்சு. வயித்து வலின்னு சொல்லிப் போகல. எட்டு மணிக்கு மாமா வந்தாரு. ஆட்டோவை மில்லுகிட்டயே நிறுத்திட்டு நடந்து வந்தாரு, தெருவுல நாலு பேரு பாக்கக் கூடாதாம்.

"தாயி, நாங்குநேரிச் சித்தப்பாவுக்கு ரொம்ப முடியலையாம். ரெண்டு மாசம் ஒத்தாசைக்கு..."

"அண்ணன் எங்க?"ன்னு கேட்டா அத்தை.

"அது ஒரு சோலியாப் போயிருக்கு."

அத்தை வாசலைப் பாத்தா. தெரு முக்கு வரைக்கும் பாத்தா. அப்பா திரும்பி வந்துருவாங்கன்னு அவளுக்கு ஒரு நெனைப்பு இருந்திருக்கும் போல. பிறகு உள்ள போய்ப் பெட்டியைத் தூக்கிட்டு வந்தா. அது தயாரா இருந்ததைப் பாத்து மாமாவுக்கே ஒரு மாதிரி ஆயிட்டு.

அம்மா தட்டுல நாலு இட்லியோட ஓடி வந்தா. "ஏ தாயி, ரெண்டு வாய் சாப்பிட்டுப் போ. வெறும் வயித்தோட போகாத. உங்க அண்ணன் எங்கிட்ட கேப்பாங்க."

"கேக்க மாட்டாங்க மதினி. எனக்குப் பசிக்கல." எங்கிட்ட வந்தா. "இனிமே உங்கம்மைக்கு ஏ பி சி டி சொல்லிக் குடுத்துரு. கையெழுத்துக்கு ஆளு வேணும்லா"ன்னு சொல்லிச் சிரிச்சா. ஐயோ, அந்தச் சிரிப்பை நான் சாகுத வரைக்கும் மறக்க மாட்டேன். எங்கப்பா ஊர்ல அத்தனை பேரை இறக்கியிருக்காங்க. ஒருத்தரையும் சொல்லாம இறக்கினதில்லை, ஒருத்தரையும் பட்டினியா இறக்கினதில்லை. கூடப் பொறந்த ஒருத்திதான் அப்படி இறங்கிப் போனா.

ஞாயித்துக்கிழமை கல்லிடைக்குறிச்சிக்காரங்க வந்தாங்க. அக்காவைப் பிடிச்சுப் போச்சு. பேச்சோட பேச்சா மாப்பிள்ளையோட அம்மா, "உங்க தங்கச்சி ஒருத்தி இங்கன உண்டுமே, காணோமே?"ன்னு அப்பாவைக் கேட்டாங்க. மாமா முந்திக்கிட்டு, "ஊருக்குப் போயிருக்கா, சும்மா வந்து போயிட்டு இருப்பா"ன்னாரு.

"அடடா, அவளைப் பாக்கணும்னு இருந்தேன். எங்க மூத்தவளும் அவ வீட்டுக்காரன்கூட வாழ முடியாம வந்து ரெண்டு வருஷமா எங்ககூடத்தான் இருக்கா. வார மருமக அவளை இளப்பமா நடத்திருவாளோன்னு எங்களுக்குப் பயம். உங்க வீட்டுலயும் ஒருத்தியை வச்சுத் தாங்குதீங்கன்னு கேள்விப்பட்டோம். அதனாலதான் நாலு இடத்தை விட்டுட்டு இங்க வந்தோம்"னாங்க.

மாமா வாயில போட்ட முறுக்கை மெல்லவும் இல்லை, முழுங்கவும் இல்லை. அப்பா மூஞ்சி வெளுத்துப் போச்சு. யாருக்காக அவளை இறக்கினோமோ, அவங்க அவளைப் பாத்துத்தான் வந்திருக்காங்க. கூறு கெட்ட வேலை பாத்தாங்க எங்க வீட்டுப் பெரியவங்க. அன்னைக்கு எனக்கு அது பாதிதான் புரிஞ்சுது. இன்னைக்கு நினைச்சா ஆத்திரமா வருது.

அடுத்த ஞாயித்துக்கிழமை அப்பா என்னைக் கூட்டிக்கிட்டு நாங்குநேரிக்குப் பஸ் ஏறினாங்க. "நீ கூப்பிட்டா வந்துருவா"ன்னாங்க. ஹைவேயில இறங்கி, கோயிலைச் சுத்திப் போனா ஒரு இருட்டு வீடு. உள்ள இருமல் சத்தமும் தைல வாசமும். அத்தை நனைஞ்ச துணியைப் பிழிஞ்சு கொடியில போட்டுக்கிட்டு இருந்தா. ஒரு வாரத்துல கன்னம் ஒட்டிப் போயிருந்துச்சு.

"வா தாயி, வீட்டுக்குப் போவோம்"னாங்க அப்பா.

"சித்தப்பாவுக்கு முடியல அண்ணே. சித்தியால தூக்க முடியாது."

"அவங்களுக்கு வேற ஆளு பாத்துக்கிடலாம். நீ கிளம்பு."

"இல்லண்ணே. நான் இங்கன இருக்கேன்."

"ஏன் தாயி இப்படிப் பேசுத? நான் உன்னை ஒரு வார்த்தை சொன்னேனா?"

அத்தை அப்ப என்னைப் பாத்தா. ஒரே ஒரு பார்வைதான். எனக்குத் தெரியும், ஒரு சொல்லுல அவ எல்லாத்தையும் கொட்டியிருக்கலாம். உங்க மக நோட்டுல வாசிச்சேன், மூணு நாளா உங்க வாயையே பாத்துக்கிட்டு நின்னேன்னு சொல்லியிருக்கலாம். என்னைக் காட்டிக்குடுக்க மாட்டேன்னு சொன்னவ காட்டிக்குடுக்கல.

"ஆமாண்ணே, நீங்க ஒரு வார்த்தையும் சொல்லல"ன்னு சொல்லிட்டுத் துணியை உதறிப் போட்டா.

நான் அத்தை வான்னு கையைப் பிடிச்சு இழுத்தேன், அழுதேன், கால்ல விழுந்தேன். என் தலையைத் தடவிவிட்டா. வரல. திரும்பி வார பஸ்ஸுல அப்பா ஜன்னல் பக்கம் மூஞ்சியைத் திருப்பிக்கிட்டு வந்தாங்க. அவங்க தோளு குலுங்கிக்கிட்டே இருந்துச்சு. அப்பவாவது நான் சொல்லியிருக்கணும். அடி விழும்னு பயந்தேன். அடிக்கவே தெரியாத மனுஷனைப் பாத்துப் பயந்தேன்.

அக்கா கல்யாணத்துக்கு அத்தை வரல. என் கல்யாணத்துக்கும் வரல. அந்தப் பெரியவர் போனாரு, சித்தி போனா, அத்தை அங்கனயே ஒரு ரூம்ல இருந்துக்கிட்டா. அக்கம்பக்கத்துல சீக்காக் கிடக்கவங்களுக்குப் பண்டுவம் பாத்துப் பொழப்பை ஓட்டினா. அப்பா மாசாமாசம் போய்ப் பாத்துட்டு வருவாங்க. கூப்பிடுவாங்க, அவ வரமாட்டா. நானும் போவேன். என்கூட நல்லாப் பேசுவா, சிரிப்பா, நான் அந்தப் பேச்சை எடுத்தா மட்டும் "விடுட்டி சவத்தை, அது ஆச்சு போச்சு"ன்னுருவா. ஒரு காய்ச்சல்ல நாலே நாள்ல போயிட்டா. நான் போய்ச் சேருததுக்குள்ள எடுத்துட்டாங்க.

அதுக்கு ரெண்டு வருஷம் கழிச்சு அப்பா படுத்த படுக்கையா ஆனாங்க. நான்தான் போய்க் கூட இருந்தேன். ஒருநாள் காலையில கஞ்சி குடுத்துக்கிட்டு இருக்கும்போது, ஸ்பூனைத் தள்ளிட்டுப் பேச ஆரம்பிச்சாங்க.

"வீடு வீடாப் போய்ச் சொல்லுதது என் தொழில் தாயி. நான் வாயைத் தொறந்து சொல்லிட்டேன்னா அது கோர்ட்டு உத்தரவு ஆயிரும். அதுக்கப்புறம் அந்த வீடு அவங்களுக்கு இல்லை. அதை என் தங்கச்சிகிட்ட போய்ச் சொல்ல எனக்கு நாக்கு வரல. நான் சொல்லாம இருந்தா, அவ ஊருக்குத்தான போயிருக்கா? ரெண்டு மாசத்துல அவ வீட்டுக்கு அவ திரும்பி வந்துரலாம்லா? அதுக்குத்தான் சொல்லல. அவளுக்கு ஒண்ணும் தெரியாம, மனசு நோகாமப் போயிட்டு வரட்டும்னுதான் அந்த மூணு நாளும் பல்லைக் கடிச்சுக்கிட்டு இருந்தேன்."

நான் கஞ்சிக் கிண்ணத்தைக் கீழ வச்சேன்.

"பின்ன ஏன் தாயி அவ வரவே மாட்டேன்னா? அன்னையில இருந்து இதையே யோசிக்கேன், எனக்குப் பிடிபடல. அவ மனசுல என்ன இருந்துச்சு? உனக்குத் தெரியுமா?"

எனக்குத் தெரியும். என் ஒருத்திக்குத்தான் தெரியும். அவளுக்கு எல்லாம் தெரிஞ்சிருந்துச்சுப்பா, நீங்க சொல்லுவீங்கன்னு காத்துக்கிட்டே இருந்தாப்பான்னு சொன்னா, அந்த மனுஷன் அந்த மூணு நாளையும் அவ கண்ணால பாத்துக்கிட்டே சாகணும். சொல்லலைன்னா, ஒண்ணும் புரியாமலே சாகணும். எது பாவம் குறைச்சல்னு எனக்கு இன்னைக்கும் தெரியல.

"தெரியலப்பா"ன்னு சொன்னேன்.

"நீ அவ செல்லமாச்சே. உங்கிட்டயாவது சொல்லியிருப்பாளோன்னு நெனைச்சேன்"னு சொல்லிட்டு, அப்பா சுவத்துப் பக்கம் திரும்பிப் படுத்துக்கிட்டாங்க.